செட்டில் அடுத்து எதை மாற்றுவது?

கையில் 40,000 ரூபாய். காதில் ஒரு குறை. ஆம்ப்ளிஃபயரா, ஸ்பீக்கரா, ஒயரா? கலசப்பாக்கத்துக் கூடம் ஒன்றில் தொடங்கிய விசாரணை.

ரதசப்தமி. கலசப்பாக்கத்தில் செய்யாற்று மணலில் கால் வைக்க இடமில்லை. தீர்த்தவாரிக்காகத் திருவண்ணாமலையிலிருந்து அருணாசலேஸ்வரர் வந்திருக்கிறார். உள்ளூர்த் திருமாமுடீஸ்வரர் எதிர்கொண்டு அழைக்கிறார். இரண்டு சுவாமியும் முகம் பார்க்கும் நேரத்தில் நாகஸ்வரமும் தவிலும் உச்சிக்குப் போகின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை, வெட்டவெளி. தவிலின் தொப்பியில் கம்பு விழும் அதிர்வு வயிற்றில் தெரிகிறது. வலந்தலையில் விரல்கூடு விழும் சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து சேர்கின்றன.

அதே ஊரில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆற்றங்கரையிலிருந்து வீடு திரும்பியவர், கேட்டது காதில் இருக்கும்போதே தன் செட்டில் ஒரு நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார். “நாயனம் குடத்துக்குள்ளேருந்து ஊதற மாதிரி கேக்குது. தவுலு கும்மு கும்முனு ஒரே சத்தம். காலையில கேட்டது இதுவா?” என்று மனைவியிடம் கேட்டார்.

அவருடைய செட், சென்னை ரிச்சி தெருவில் உதிரி வாங்கி, போளூரில் அசெம்பிள் செய்த எஸ்டிகே ஐசி ஆம்ப்ளிஃபயர். எட்டு அங்குல ஊஃபர் போட்ட இரண்டு பிளைவுட் பாக்ஸ். இப்போது பாட்டு கைபேசியிலிருந்து வருகிறது. அகவிலைப்படி நிலுவை வந்ததில் 40,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்கிவிட்டார். யோசனை சொல்லத்தான் ஆட்கள் அதிகம். பெங்களூரில் இருக்கும் மகன், “எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு ஒரு சவுண்ட்பார் வாங்கிடுங்கப்பா, இடமும் அடைக்காது” என்கிறார். மெக்கானிக், “ஐசி போர்டை எடுத்துட்டு 5200, 1943 டிரான்சிஸ்டர் போட்டுத் தரேன் சார், சும்மா அதிரும்” என்கிறார். திருவண்ணாமலைக் கடைக்காரர் 5.1 ஹோம் தியேட்டரைக் காட்டுகிறார். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர், விலை உயர்ந்த செம்பு ஒயர் போட்டால் போதும் என்று சத்தியம் செய்கிறார்.

இந்தக் கேள்வி கலசப்பாக்கத்தோடு நிற்பதல்ல. 2021-ல் ஆப்பிள் மியூசிக், கூடுதல் கட்டணமின்றி இழப்பில்லா ஒலித்தரத்தைத் தரத் தொடங்கியது. 2025 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபையும் அந்தப் பாதைக்கு வந்தது. அதே ஆண்டு மார்ச் 8 அன்று இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது, அதைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு குறைவு. டி.வி. மெலிந்துகொண்டே போக, அதன் ஸ்பீக்கரும் மெலிந்துவிட்டது. நல்ல ஒலி வேண்டும் என்ற ஆசை வீடுகளில் மறுபடி தலைதூக்கியிருக்கிறது. ஆசைக்குச் சரியான வழி காட்டத்தான் ஆள் குறைவு.

இந்தக் கட்டுரையின் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறோம். பணத்தை எடுக்கும் முன் ஸ்பீக்கரை இடம் மாற்றுங்கள், அறையைச் சரி செய்யுங்கள். பணம் போட்டே ஆகவேண்டுமென்றால் ஸ்பீக்கரில் போடுங்கள். ஆம்ப்ளிஃபயர் அதற்கு அடுத்தது. ஒயர் கடைசி. பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

இங்கே எப்படி வந்து சேர்ந்தோம்

கதை சுருக்கமானது. வால்வு ரேடியோ போய் டிரான்சிஸ்டர் வந்தது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள், தமிழில் ஸ்டீரியோ ஒலிப்பதிவின் தொடக்கமாக இன்றும் பேசப்படுகின்றன. வளைகுடாவிலிருந்து டூ-இன்-ஒன்கள் வந்தன. தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டில் பதிவு செய்து வாங்கினோம். கொல்கத்தாவில் 1970-ல் தொடங்கிய சோனோடைன் போன்ற நிறுவனங்கள் உள்நாட்டிலேயே நல்ல செட்டுகள் செய்தன. அவற்றை வாங்க முடியாதவர்களுக்கு ரிச்சி தெரு உதிரியும் உள்ளூர் மெக்கானிக்கின் கைகளும் இருந்தன. பிறகு டி.வி.டி.யோடு ஹோம் தியேட்டர் வந்தது. அதன்பின் எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது.

இந்தப் பயணத்தில் வீடும் மாறியது. நாட்டு ஓடும் மண்சுவரும் மரத்தூணும் திண்ணையும் போய், கான்கிரீட்டும் டைல்ஸும் வந்தன. ஒலியைப் பற்றிப் பேசும்போது இந்த மாற்றத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆசிரியரின் நாகஸ்வரத்தைக் கெடுத்ததில் பெரும் பங்கு அதற்குத்தான்.

முதல் குற்றவாளி: கூடம்

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் அதன் எதிரொலி அடங்க ஐந்து வினாடிக்கும் மேல் ஆனது. அதற்குள் அடுத்த பல சொற்கள் அதன்மேல் விழுந்துவிடும். சரிசெய்யச் சொல்லி வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை அவர் இரவில் தூக்கிவந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, அது அடங்கும் நேரத்தைக் குறித்தார். மெத்தையைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி குறித்தார். உலகெங்கும் அரங்கு கட்டுவோர் இன்றும் பயன்படுத்தும் எதிரொலிச் சூத்திரம் அப்படிப் பிறந்தது. ஒலியை விழுங்கும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல், திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்புவதில்லை அல்லவா?

சேபினின் கணக்கை ஆசிரியரின் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 14 அடி, அகலம் 12, உயரம் 10. சுவர், தளம், தரை எல்லாம் சேர்ந்து 856 சதுர அடிப் பரப்பு. சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் தம்மீது விழும் ஒலியில் சுமார் நூற்றில் இரண்டு பங்கைத்தான் விழுங்கும். பொருள் ஏதும் இல்லாமல் மூடிவைத்த அந்த அறையில் எதிரொலி அடங்க ஏறக்குறைய 4.8 வினாடி. நான்குக்கு நான்கு ஜன்னல் இரண்டைத் திறந்தால் 1.7 வினாடிக்கு இறங்குகிறது. ஆறுக்கு நான்கில் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்தினால் 1.2. மடிப்பு மடிப்பாக 40 சதுர அடிக்குக் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டால் 0.9. துணி பரப்பிய கட்டில், புத்தக அலமாரி, இரண்டு மூன்று மனிதர்கள் என்று சேரும்போது அரை வினாடியை நெருங்கும். வீட்டுக் கூடத்தில் பாட்டுக் கேட்க அந்த அளவு போதும். இது தோராயக் கணக்குதான். ஒவ்வொரு சுருதிக்கும் அளவு மாறும். ஆனால் போகும் திசை பொய் சொல்லாது. 4.8-லிருந்து 0.9-க்கு வந்தது மெத்தையாலும் துணியாலும் திறந்த ஜன்னலாலும்தான்.

ஜமக்காளம் விரித்தால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். மெல்லிய துணி, கீச்சிடும் மேல்சுருதிகளை மட்டும் கொஞ்சம் அடக்கும். நடுத்தர ஒலிகளுக்குத் தடிமன் வேண்டும்.

தவில் ‘கும்மு கும்மு’ என்றதற்கு வேறொரு காரணம். ஒவ்வொரு அறைக்கும் அதன் நீள, அகல, உயரத்தைப் பொறுத்துச் சில கீழ்ச்சுருதிகள் மட்டும் வீங்கி ஒலிக்கும். ஆசிரியரின் கூடத்தில் அவை சுமார் 41, 48, 57 ஹெர்ட்ஸில் தொடங்கி, அவற்றின் மடங்குகளில் தொடர்கின்றன. ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் இந்த வீக்கம் இன்னும் கூடும். ஆசிரியர் வீட்டில் பாக்ஸ்கள் இருந்த இடம் எது தெரியுமா? இரண்டும் டி.வி. ஷோகேஸுக்கு மேலே, சிலாப்பில், இரு மூலைகளில், தளத்தை ஒட்டி! நம் ஊரில் பாதி வீடுகளில் இதே ஏற்பாடுதான். இடம் அடைக்கக் கூடாது என்பதற்காக ஏற்றிவைக்கிறோம். பிறகு பேஸ் கொழகொழவென்று வருகிறது, பாடகர் குரல் புரியவில்லை என்று புது ஆம்ப்ளிஃபயர் தேடுகிறோம்.

பாக்ஸ்களைக் கீழே இறக்கி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் இரண்டு முக்காலிகளில் வைத்தோம். பின்சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, கேட்பவரோடு சேர்த்து மூன்று முனையும் சம தூரமாக அமையும்படி நிறுத்தினோம். உள்ளே இருந்த பஞ்சு மெத்தையை எதிர்ச்சுவரில் சாய்த்தோம். ஜன்னலைத் திறந்தோம். அதே கச்சேரி, அதே கைபேசி, அதே ஐசி. தவிலில் விரல்கள் பிரிந்து கேட்டன. ஆசிரியர் எழுந்து போய் வால்யூமைக் குறைத்தார். தெளிவு வந்துவிட்டால் சத்தம் தேவைப்படுவதில்லை.

பெட்டிச் செய்தி: வாட்ஸ் கணக்கு

அட்டைப்பெட்டியில் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதற்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

25 வாட்ஸை 50 ஆக்கினால் ஒலி 3 டெசிபல் கூடும். காதுக்கு அது ஒரு சிறு படி. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை.

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் தரும் என்பது ஸ்பீக்கரின் திறன். 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 94 டெசிபல் ஸ்பீக்கர் வைத்தால், அதே ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு பெரிதானதற்குச் சமம்.

கூடத்தில் நிதானமாகக் கேட்கும்போது செலவாவது பெரும்பாலும் ஓரிரு வாட்ஸ்தான். மீதித் திறன், தவிலின் ஓர் அடி திடீரென்று எழும்போது மட்டும் கைகொடுக்கும்.

பணம் போகவேண்டிய இடம்

இடம் மாற்றியதில் புதிதாக ஒன்று வெளியே வந்தது. வலப்பக்க பாக்ஸில் ஏதோ படபடக்கிறது. முன்வலையைக் கழற்றினால், ஊஃபர் கோனைச் சுற்றியிருந்த நுரை வளையம் விரலில் பொடியாக உதிர்ந்தது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நுரை மட்கிவிடும். சிலாப்பு மேல், வெயில் இறங்கும் தளத்தை ஒட்டி இருந்த பாக்ஸ் அது. இதைக் கவனிக்காமல் 5200, 1943 போட்டிருந்தால் அந்த ஊஃபர் அடுத்த பொங்கலைப் பார்த்திருக்காது. மின்சாரத்தைக் காற்றசைவாக மாற்றும் இந்த ஒரே உறுப்பில்தான் பிழை அதிகம் சேர்கிறது. சுமாரான ஆம்ப்ளிஃபயரும் சுருதிகளைச் சமமாகத்தான் அனுப்பும். சுமாரான ஸ்பீக்கர் சிலவற்றை விழுங்கும், சிலவற்றை உப்பவைக்கும். எனவே காசுக்கு மிகப் பெரிய மாற்றம் கிடைப்பது இங்கேதான்.

எந்த ஸ்பீக்கர்? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகள் இதற்குப் பதில் சொல்கின்றன. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்துவைத்து, எது நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ரசனை ஆளுக்கு ஆள் வேறு என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. பெயரும் விலையும் தெரியாதபோது பெரும்பாலோர் ஒரே மாதிரி ஸ்பீக்கரைத்தான் விரும்பினார்கள். எல்லாச் சுருதியையும் ஏற்றத்தாழ்வில்லாமல் தரும் ஸ்பீக்கர், பக்கவாட்டிலும் அதே சீரோடு ஒலிக்கும் ஸ்பீக்கர். பிறகு ஹார்மன் நிறுவனத்தில் அவரும் ஷான் ஆலிவும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள். திரையை எடுத்துவிட்டால் அதே மனிதர்களின் மதிப்பெண் மாறியது! பெட்டியின் அளவும் பெயர்ப்பலகையும் காதுக்குள் புகுந்துவிடுகின்றன.

திருவண்ணாமலை, போளூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய சொத்து இருக்கிறது. இங்கே கோவில் திருவிழாவில் நாகஸ்வரம் நேரில் கேட்கலாம். பெரியமேளம் கேட்கலாம். பாரதக்கூத்து இரவுகளில் முகவீணையும் மிருதங்கமும் விடியும்வரை ஒலிக்கும். மைக் இல்லாமல் ஒரு கருவி எப்படி ஒலிக்கும் என்று இந்த ஊர்க் காதுக்குத் தெரியும். பெருநகரத்துக் கடைகளில் நிற்கும் பலருக்கு அந்த அளவுகோல் இல்லை. கடைக்குப் போகும்போது கடைக்காரர் போடும் அதிரடி இசையைக் கேட்டு மயங்காதீர்கள். நீங்கள் நேரில் கேட்டுப் பழகிய கருவியின் பதிவு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். முகவீணையின் கூர்மை காதைக் கிழிக்காமல் வருகிறதா? மனிதக் குரல் நெஞ்சிலிருந்து வருகிறதா, மூக்கிலிருந்தா? இரு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்த அளவில் ஒலிக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

5.1 பற்றி ஒரு வார்த்தை. படம் பார்ப்பதே முக்கியம் என்றால் அதற்கு இடமுண்டு. பாட்டு கேட்பதற்காக என்றால், அதே பணத்தை ஆறு பெட்டிக்குப் பங்கிடுவதைவிட இரண்டு பெட்டிக்குக் கொடுப்பதே சரி. நம் பாடல்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு தடத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு முந்தியவை ஒரே தடம்.

பெட்டிச் செய்தி: உறுமலா, கரகரப்பா?

பாட்டே போடாமல், உள்ளே வரும் ஒயரைப் பிடுங்கிய பிறகும் உறுமினால்: ஆம்ப்ளிஃபயரின் மின்பகுதியில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் வலுவிழந்திருக்கலாம். மாற்றச் சிறு செலவுதான்.

டி.வி.யோ செட்டாப் பாக்ஸோ கம்ப்யூட்டரோ இணைத்தால் மட்டும் உறுமினால்: எர்த் இணைப்புகள் இரண்டு வழியாகச் சுற்றுகின்றன. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து.

வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால்: உள்ளே தூசு. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கினால்: ஸ்பீக்கருக்குப் போகும் இடவல ஒயர்களை ஆம்ப்ளிஃபயரில் மாற்றிக் குத்துங்கள். மங்கல் பக்கம் மாறினால் கோளாறு முன்னால், மாறாவிட்டால் ஸ்பீக்கரில்.

ஆம்ப்ளிஃபயரும் கைபேசியும் ஒயரும்

மெக்கானிக் சொன்ன யோசனையை முழுக்கத் தள்ள முடியாது. கெப்பாசிட்டர்கள் வெக்கையில் சீக்கிரம் காய்ந்துவிடும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. கோடையில் கொளுத்தும் இந்த வட்டாரத்தில், பழைய செட்டைத் திறந்து சர்வீஸ் செய்வது வீண்செலவல்ல. புது போர்டு போடுவதில்தான் கவனம் வேண்டும். எஸ்டிகே ஐசி செய்த சான்யோவின் அரைக்கடத்திப் பிரிவு 2011-லேயே கைமாறிவிட்டது. பழைய எண்களில் போலிகள் மலிந்திருக்கின்றன. 5200, 1943 டிரான்சிஸ்டர்களிலும் அப்படியே. அசலா என்று கேட்டு, பில் தரும் கடையில் வாங்கச் சொல்லுங்கள்.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது பலர் தவறவிடும் இடம். யூடியூபில் வரும் ஒலி பெரும்பாலும் நொடிக்கு 128 முதல் 160 கிலோபிட்டுக்குள் சுருக்கப்பட்டது. குறுந்தகட்டில் அது 1,411 கிலோபிட். இழப்பில்லா ஒலி தரும் சேவைக்கு மாறி, கைபேசியிலிருந்து புளூடூத்துக்குப் பதில் ஒரு சிறு டாங்கிள் வழியாக ஒயரில் இணைப்பது நல்ல மாற்றம். அதற்கு மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று துரத்த வேண்டியதில்லை. 2007-ல் மேயர், மோரான் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்கின் ஒலியை அப்படியே ஒருமுறை, குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்து ஒருமுறை. எது எது என்று 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும்.

ஒயரைப் பற்றி நண்பர் செய்த சத்தியத்துக்கு வருவோம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் தடை 0.08 ஓமுக்கும் கீழே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஒயரே போதும். முனையை நன்றாகச் சுரண்டி இறுக்கிக் கட்டினால் வேலை முடிந்தது.

கூடம் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை

செட் வாங்குவதை ஆண்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த விஷயமாக நினைத்துக்கொள்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைப்பவரும் அங்கேதான் இருக்கிறார். படிக்கும் பிள்ளையும், சீரியல் பார்க்கும் மாமியாரும் அங்கேதான். ஆசிரியரின் மனைவி நேராகக் கேட்டார்: “முக்காலி ரெண்டும் நடுக்கூடத்துல இருந்தா நான் எப்படிப் பெருக்கறது? பேரப்பசங்க வந்தா இழுத்துத் தள்ளிடுவாங்க.” நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்லாத எந்தத் திட்டமும் அந்த வீட்டில் மூன்று வாரம் தாங்காது. கேட்கும் நேரத்துக்கு மட்டும் முக்காலியை முன்னால் இழுப்பது, மற்ற நேரம் சுவரோரம் தள்ளுவது, டைல்ஸில் அதற்கு அடையாளம் ஒட்டிவைப்பது என்று பேசி முடிவானது. திரைச்சீலைத் துணி அவரே தேர்ந்தெடுத்தார். கூடத்தின் வெக்கையும் அதனால் குறையும் என்பதில் அவருக்குச் சந்தோஷம்.

அடுத்த வீட்டுக்காரரும் இதில் சம்பந்தப்பட்டவர். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சொந்த வீட்டுச் செட்டின் ஓசை, வீட்டு எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. கீழ்ச்சுருதிக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல. பாட்டு உங்கள் வீட்டில் இருக்க, அதன் அதிர்வு மட்டும் பொதுச்சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு நோயாளியின் கட்டிலுக்குப் போகும். சப்வூஃபர் வாங்குகிறவர்கள் அதைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி வையுங்கள்.

பழுது பார்க்க ஆள் உண்டா?

மகன் சொன்ன சவுண்ட்பாரை ஆசிரியர் வேண்டாம் என்றதற்குக் காரணம் ஒலி மட்டுமல்ல. அது கெட்டால் யாரிடம் கொண்டுபோவது? ஒட்டி மூடிய பெட்டிக்குள் ஒரே போர்டு. அதில் ஒரு சின்ன உறுப்பு போனாலும் முழு போர்டையும் மாற்றச் சொல்வார்கள். உத்தரவாதம் முடிந்து போர்டு கிடைக்காவிட்டால் பெட்டியே குப்பை. தனித்தனி ஆம்ப்ளிஃபயர், தனித்தனி ஸ்பீக்கர் என்றால் எது போகிறதோ அதை மட்டும் பார்க்கலாம். கலசப்பாக்கத்திலும் போளூரிலும் ஆரணியிலும் கோன் மாற்றத் தெரிந்தவர்கள், கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மைக் செட் தொழிலில் வளர்ந்த கைகள் அவை. நாம் பழுதுபார்க்க முடியாத பெட்டிகளாக வாங்கிக் குவித்தால் அந்தக் கைத்திறன் ஒரு தலைமுறையில் காணாமல் போகும். பிறகு இந்தக் கேள்விக்கு ‘புதுசு வாங்கு’ என்ற ஒரே பதில்தான் மிஞ்சும்.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், தயாரிப்பாளர்களுக்குப் பொறுப்பு வைத்திருக்கின்றன. ஆனாலும் பழைய செட்டை இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டுவது நம் கையில் இருக்கிறது.

மாதத் தவணையில் மொத்தச் செட்டையும் வாங்கிவிடும் ஆசையையும் பார்க்கிறோம். தவணை முடியும் முன்பே அடுத்த மாடல் வந்து மனத்தைக் கெடுக்கும். கையில் இருக்கும் தொகைக்குள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு மாதம் கேளுங்கள். எது மாறியது என்று தெரிந்தால்தான் அடுத்து எது என்று தெரியும். ஆசிரியர் போட்ட கணக்கு இது: திரைச்சீலை, மெத்தைக்கு 5,000. ஆம்ப்ளிஃபயர் சர்வீஸுக்கு 3,000. நல்ல இரண்டு ஸ்பீக்கருக்கு 25,000 வரை. மீதியைத் தொடவில்லை.

காது

செலவுப் பட்டியலில் யாரும் எழுதாத வரி இது. வயது ஏற ஏற மேல்சுருதிகளைக் கேட்கும் திறன் குறைகிறது. அதை ஈடுகட்ட டிரெபிளை ஏற்றுகிறோம், பிறகு வால்யூமை ஏற்றுகிறோம். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு எல்லை இன்னும் கீழே, 75 டெசிபல். திருமண மண்டபத்தில் ஆளுயர பாக்ஸுக்கு முன்னால் பந்தி நடத்தும் பழக்கம் எத்தனை காதுகளைத் தின்றிருக்கும் என்று யோசிக்கும்போது நெஞ்சு பதைக்கிறது. ஐம்பதைக் கடந்தவர்கள் ஸ்பீக்கர் கடைக்குப் போகும் முன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கேட்புச் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். போன கேள்திறன் திரும்புவதில்லை, அதற்கு உதிரியும் கிடையாது.

நம்மால் வாங்க முடியாதது

அறையைத் திருத்தி, ஸ்பீக்கரை மாற்றி, ஒயரில் இணைத்து உட்கார்ந்தபின் ஆசிரியருக்கு ஒரு புதுச் சிக்கல். எண்பதுகளின் பாடல் ஒன்று, ஒரே சேவையில் மூன்று இடங்களில் இருந்தது. ஒன்றில் குரல் மங்கல். இன்னொன்றில் சுருதியே கொஞ்சம் ஏறியிருந்தது. நாடா ஓடும் வேகம் மாறினால் சுருதியும் மாறும். மூன்றாவதில் சத்தத்தை உச்சத்துக்கு இழுத்து, மெல்லிய இடத்துக்கும் வலிய இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் செய்திருந்தார்கள். ‘இழப்பில்லா தரம்’ என்ற முத்திரை மூன்றுக்கும் இருந்தது. தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்ததை இழப்பில்லாமல் அனுப்பினால் வந்து சேர்வது அந்தத் தேய்மானம்தான்.

1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’, 1988-ல் ‘நத்திங் பட் விண்ட்’, 1992-ல் ‘ரோஜா’ என்று ஒலியின் எல்லையை ஒவ்வொரு படியாக நகர்த்திய பதிவுகள் நம் மொழிச் சூழலில் பிறந்திருக்கின்றன. அவற்றைப் பதிவு செய்த பொறியாளர்களின் உழைப்பு மூல நாடாக்களில் இருக்கிறது. நாடாவுக்கும் ஆயுள் உண்டு. ஈரமும் வெக்கையும் அதையும் தின்னும். கலசப்பாக்கத்தில் ஒருவர் தன் நிலுவைத் தொகையைக் கொட்டி எவ்வளவு நல்ல செட் வைத்தாலும், மூலத்தில் தொலைந்ததை அது திருப்பித் தராது.

பாடல் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் கேட்கிறோம். மூல நாடாக்களை உடனே முறையாக எண்ணியல் வடிவுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் அது மூல நாடாவிலிருந்து எடுத்ததா, இசைத்தட்டிலிருந்தா, கேசட்டிலிருந்தா, யார் எந்த ஆண்டு மாற்றினார்கள் என்று எழுதுங்கள். ஒலிப்பதிவுப் பொறியாளரின் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். சந்தா கட்டுபவர்கள் இதைக் கேட்டு எழுதுங்கள். அடுத்து மாறவேண்டியது அங்கே இருக்கிறது.